பிரபு விற்ற படம்

தோழா!

சுவரிலே ஒரு படத்தை மாட்ட, ஆணி ஒன்று போதும். சுத்தியல் ஒன்று போதும். மாட்டிய படத்தைக் கழற்ற என்ன வேண்டும்? கோபம் வேண்டும், அல்லது அச்சம் வேண்டும், அல்லது ஆதாயம் வேண்டும்! ஆகவேதான் சொல்கிறேன், ஒரு தலைவனின் படத்தை யார் மாட்டினார்கள் என்பதைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு நின்றுவிடாதே. யார் கழற்றினார்கள் என்பதையும் கேள். மாட்டியவர் பட்டியலைவிடக் கழற்றியவர் பட்டியல் உனக்கு அதிகம் கற்றுத்தரும்.

இங்கிலாந்து நாட்டிலே, கோமகன் ஒருவர், தான் போற்றி வாங்கிய ஒரு தலைவனின் ஓவியத்தை, கோபம் கொண்டு விற்றுத் தீர்த்தார். அந்தத் தலைவன், வில்லியம் எவர்ட் கிளாட்ஸ்டன். நான்கு முறை பிரதமர் நாற்காலியிலே அமர்ந்தவர். 1832இல் பழமைக் கட்சியின் பிள்ளையாகப் பார்லிமெண்டுக்குள் நுழைந்து, லிபரல் கட்சியின் தலைவராக வளர்ந்து, 1894இல், எண்பத்து நான்காம் வயதிலே, ஆட்சிப் பொறுப்பைத் துறந்து வெளியேறியவர். வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் நடந்தவர் என்று சொல்வர். பெரும்பாலான அரசியல்வாதிகள் நடப்பது எதிர்த்திசையில் என்பது நீ அறியாததல்ல!

அந்த ஆளுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்கிறாயா? சென்னையிலே மாநகராட்சிக் கட்டடம், வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, ரிப்பன் மாளிகை, அந்த ரிப்பன் பிரபுவை 1880இல் இந்தியாவுக்கு அனுப்பி வைத்தது கிளாட்ஸ்டன் ஆட்சிதான். அதற்கு முன்னே லிட்டன் பிரபு, 1878இல், இந்நாட்டு மொழிகளிலே வெளிவரும் ஏடுகளை மட்டும் குறிவைத்து ஒரு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டார். ஆங்கில ஏட்டுக்குப் பூட்டு இல்லை. தாய்மொழி ஏட்டுக்கு மட்டும் பூட்டு! அதைப் பார்லிமெண்டிலே கண்டித்துப் பேசியவர் கிளாட்ஸ்டன். 1882இல் ரிப்பன் அந்தச் சட்டத்தை நீக்கினார். தாய்மொழி ஏடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படித்துக் கொண்டிருக்கும் நீ, அந்த முகத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பதிலே தவறில்லை.

முகத்தைப் பார்ப்போம்.

1879ஆம் ஆண்டு. கிளாட்ஸ்டன் ஆட்சியிலே இல்லை. அகவை எழுபதை நெருங்குகிறது. கட்சித் தலைமையையே நான்காண்டுகளுக்கு முன் உதறிவிட்டவர். ஓய்ந்துவிட்டார், இனி நூலகமே அவருக்குத் துணை என்று எதிரிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்ட நேரம். அப்போது ஜான் எவரெட் மில்லே என்ற ஓவியர் அவரை வரைந்தார். இன்று அந்தப் படம் இலண்டன் தேசிய உருவப்பட மன்றத்திலே உள்ளது.

நாடகம் எழுதுபவன் என்ற முறையிலே அந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. மேடைக்குப் புதிதாக வருகிற நடிகனுக்குப் பெருந்தொல்லை எது தெரியுமா? வசனம் அல்ல. கைகள்! அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாது. ஆகவே ஒரு தடியைக் கொடு, ஒரு கடிதத்தைக் கொடு, ஒரு நாற்காலியின் முதுகையாவது கொடு என்பான். அரசியல்வாதியை வரைகிற ஓவியனும் அப்படித்தான். மேசை வைப்பான், மேசைமேல் சட்டப் புத்தகம் வைப்பான், பின்னே ஒரு தூண், தூணுக்கு ஒரு பட்டுத்திரை! மில்லே இவற்றிலே ஒன்றையும் வைக்கவில்லை. பின்புலம் வெறும் இருள். உடை வெறும் கறுப்பு. பதக்கம் இல்லை, பட்டை இல்லை, பளபளப்பு இல்லை. இரு கைகளையும் முன்னே கோத்துக்கொண்டு, நம்மைப் பாராமல் வேறு எங்கோ பார்த்தபடி நிற்கிறார் கிழவர். ஒளி முழுவதும் நெற்றியிலும் கண்ணிலும் கையிலும். ஓய்வு பெற்றவன் முகமா அது? அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டு நிற்கும் பேச்சாளன் முகம்! மேடையேறிப் பழகிய எவனுக்கும் அது தெரியும்.

அடுத்த வாக்கியம் வந்தது. அதே ஆண்டு நவம்பரிலே, ஸ்காட்லாந்தில் மிட்லோதியன் தொகுதிக்குப் புறப்பட்டார். ஊர் ஊராக, ரயில் நிலையம் ரயில் நிலையமாக, மண்டபம் மண்டபமாகப் பேசினார். ஏறத்தாழ 87,000 பேர் தம் பேச்சைக் கேட்டனர் என்று நாட்குறிப்பிலே கணக்கெழுதினார். ஒலிபெருக்கி இல்லாத காலம், தோழா! தொண்டை ஒன்றே துணை. தேர்தல் வேலை என்பது பெரிய மனிதர் வீட்டு விருந்திலே முடிந்துவிடும் என்றிருந்த நாட்டிலே, வாக்காளனைத் தேடி முன்னாள் பிரதமர் ஒருவர் தெருவுக்கு வந்தார். ராணி விக்டோரியாவுக்கு அது பிடிக்கவில்லை. 1880 தேர்தலிலே மக்களுக்குப் பிடித்திருந்தது. டிஸ்ரேலி வீழ்ந்தார், கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதமர்.

வீழ்ந்த டிஸ்ரேலியையும் அதே மில்லேதான் வரைந்தார். 1881 மார்ச்சிலே டிஸ்ரேலி ஓவியருக்கு முன் வந்து நின்றார். ஏப்ரல் 19இல் இறந்தார். படம் முற்றுப்பெறவில்லை. ஆனாலும் ராணியின் விருப்பப்படி, அந்த ஆண்டு ராயல் அகாதமிக் கண்காட்சியிலே, கறுப்புத் துணி சுற்றி அதை வைத்தார்கள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார். அதே கறுப்பு உடை, அதே இருண்ட பின்புலம், அதே தூரிகை. ஒருவர் கைகளைக் கோத்திருக்கிறார்; மற்றவர் மார்பிலே கட்டியிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் ஒருவரை ஒருவர் சொல்லால் வெட்டிக் கொண்டவர்கள், ஓவியன் கையிலே அண்ணன் தம்பிகள் போல ஆகிவிட்டார்கள்! ஓவியன் கட்சி பார்க்கவில்லை. 1885இல் கிளாட்ஸ்டன் பரிந்துரையிலே அவருக்குப் பாரோனெட் பட்டம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லாதே.

இனி, கோமகன்.

கிளாட்ஸ்டன் படத்தைத் தன் உடைமையாக வைத்திருந்தவர் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன். இலண்டனிலே மேஃபேர், பெல்கிரேவியா என்று, செல்வர்கள் வாழும் தெருத் தெருவாக அவர் குடும்பத்து நிலம். பிரிட்டனின் பெருஞ்செல்வர்களிலே முன்வரிசையில் நின்றவர். 'கோமகன்' என்ற பட்டத்தை அவருக்கு 1874இல் வாங்கித் தந்தவர் யார்? கிளாட்ஸ்டன்தான்! பட்டம் தந்த தலைவனின் படத்தை வைத்துப் போற்றினார் பிரபு. நன்றி உள்ளவர் என்று நாமும் மெச்சியிருப்போம். 1886 வரை.

1886இல் கிளாட்ஸ்டன், அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதாவைக் கொண்டு வந்தார். அயர்லாந்துக்கு டப்ளினிலே ஒரு சட்டமன்றம்; அயர்லாந்தின் உள்நாட்டுக் காரியங்களை அயர்லாந்துக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். தனி நாடு கூட அல்ல, தோழா! பேரரசின் குடைக்குக் கீழே, படை, வெளிநாட்டு உறவு எல்லாம் இலண்டன் கையிலேயே இருக்க, ஒரு சிறிய வீட்டுச் சாவி. அதற்கே வீடு தீப்பற்றியது போலக் கூச்சலிட்டார்கள்! நாடு துண்டாகிறது, பேரரசு சிதைகிறது, கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். மாநிலத்துக்கு அதிகாரம் கேட்ட எவரும் எந்த நாட்டிலும் கேட்டுப் பழகிய வசனந்தான். கிளாட்ஸ்டனின் சொந்தக் கட்சியிலேயே 93 பேர் எதிர்த்து வாக்களித்தனர். 30 வாக்கு வித்தியாசத்திலே மசோதா தோற்றது. கட்சி பிளந்தது. நிலப்பிரபுக்கள் கூட்டங் கூட்டமாக வெளியேறினர்.

வெளியேறியவர்களிலே ஒருவர் நம் கோமகன். அவர் கட்சியை விட்டதோடு நிற்கவில்லை. படத்தையும் விற்றார்!

பட்டத்தைத் திருப்பித் தந்தாரா என்று கேட்காதே. பட்டம் இருந்தது, அதைத் தந்தவர் முகந்தான் கண்ணிலே முள்ளாகக் குத்தியது. வரலாற்றிலே நான் படித்த வாக்குச் சீட்டுகளிலே இதுபோல் ஒளிவுமறைவில்லாத வாக்குச் சீட்டு வேறில்லை. அந்தக் கிழவருக்கு அன்று கிடைத்த பெரும் பாராட்டும் அதுதான் என்பது என் கருத்து. பன்னிரண்டு ஆண்டுகள் கோமகனின் உடைமையாக இருந்திருந்தால் அது ஒரு நல்ல ஓவியம், அவ்வளவுதான். விற்கப்பட்டதால் அது ஒரு சான்றிதழ்! வாங்கியவர் ஸ்காட்லாந்து இரசாயனத் தொழிலதிபரும் லிபரல் கட்சிக்காரருமான சார்லஸ் டென்னன்ட். அவர் அதை நாட்டுக்கே கொடுத்துவிட்டார். ஆக, பிரபு விற்றதனால் படம் மாளிகையை விட்டு மக்கள் மன்றத்துக்கு வந்து சேர்ந்தது.

மக்கள் கையிலும் கிளாட்ஸ்டன் படங்கள் ஏராளம் இருந்தன. எண்ணெய் ஓவியம் வாங்க வசதியற்றவன் பீங்கான் தட்டு வாங்கினான், தட்டிலே கிளாட்ஸ்டன். அடுப்படி மாடத்திலே களிமண் பொம்மை, அதுவும் கிளாட்ஸ்டன். வெறுத்தவர்களும் சும்மாயிருக்கவில்லை. இரவிலே கட்டிலுக்கடியில் வைக்கும் சிறுநீர்க் கலத்தின் அடியிலே அவர் முகத்தை அச்சிட்டு விற்றார்கள்! அருவருப்பு என்கிறாயா? ஆம். ஆனால் ஒருவரைப் பற்றி ஒரு நாடு எவ்வளவு சூடாக இருந்தது என்பதை அந்தக் கலம் சொல்லுமளவுக்குப் பாராட்டுரைகள் சொல்லா.

கேலிச் சித்திரக்காரர்களுக்கோ அவர் விருந்து. 1869இல் 'வானிட்டி ஃபேர்' ஏடு தன் வண்ணக் கேலிச் சித்திர வரிசையைத் தொடங்கியபோது, முதல் வாரம் டிஸ்ரேலி, அடுத்த வாரம் கிளாட்ஸ்டன். 'பஞ்ச்' ஏட்டிலே ஹாரி ஃபர்னிஸ் என்பவர் அவருடைய சட்டைக் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். வாரத்துக்கு வாரம் அது வளர்ந்தது. காது வரை வந்தது, கன்னத்தைத் தாண்டியது, கடைசியிலே பட்டைதான் பிரதமர், தலை அதற்குள் வைத்த பூ என்றாகிவிட்டது! உண்மையிலே அவர் அணிந்தது அத்தனை பெரிய பட்டை அல்ல. ஆனாலும் அவரை நினைத்தவர் கண்ணுக்குள் முதலிலே வந்து நின்றது அந்தப் பட்டைதான். சித்திரக்காரன் போட்ட பட்டை அப்படிப்பட்டது. நம் தலைவர்களுக்கும் கண்ணாடி, துண்டு, தாடி என்று ஒவ்வொன்று உண்டே!

கோடரிப் படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பிழையாகும். ஹவார்டன் என்ற ஊரிலே அவர் வீடு, சுற்றிலும் சோலை. மரம் வெட்டுவது அவருக்குப் பிடித்த உடற்பயிற்சி. 1877இல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோடரியோடு அவர் நிற்கும் புகைப்படம் எடுக்கப்பட்டது. பிரதமராக இருந்த பெருமகன், உழைப்பாளி உடையிலே! தொழில் நகரங்களிலிருந்து லிபரல் தொண்டர்கள் ரயிலேறி வந்து, அவர் மரம் வெட்டுவதைப் பார்த்தார்கள். வெட்டும்போது தெறித்த மரச்சில்லுகளைப் பொறுக்கி, நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

1884இல் பழமைக் கட்சியின் ராண்டால்ஃப் சர்ச்சில் - பின்னாளிலே போர்க்காலப் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சிலின் தந்தை - அதைப் பிடித்துக்கொண்டு விளாசினார். இவர் வியர்ப்பதற்காகக் காடு அழவேண்டுமா என்று கேலி செய்தார். உழைக்கும் மக்கள் இவரைத் தேடி வந்தார்கள்; என்ன கிடைத்தது? சில்லு! விவசாயி கேட்டான்; சில்லு! தொழிலாளி கேட்டான், சில்லு! என்ற போக்கிலே அடுக்கினார். எதிர்க்கட்சிப் பேச்சுதான், பிரபு வீட்டுப் பிள்ளையின் பேச்சுதான். ஆனாலும் மேடைக்காரன் என்ற முறையிலே ஒப்புக்கொள்கிறேன், அது அடி! கோடரிப் படத்தை வரவேற்பறையிலே மாட்டியிருந்த ஒவ்வொரு தொண்டனுக்கும் அது வலித்திருக்கும். தலைவனைப் பார்க்கப் போனாயே, அவனிடம் எதைக் கேட்டாய், எதைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய் என்ற கேள்வி, கேட்பவன் எதிரி என்பதால் பொய்யாகிவிடாது.

அந்தக் கேள்வியைக் கையிலே வைத்துக்கொண்டு கிழக்கு இலண்டனுக்கு வா. போ என்ற பகுதி. மாதா கோயில் எதிரே, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது கிளாட்ஸ்டன் சிலை. 1882இல் வைத்தது. வைத்தவர், அப்பகுதியிலே பெரிய தீக்குச்சித் தொழிற்சாலை நடத்திய பிரையண்ட் குடும்பத்தைச் சேர்ந்த தியோடர் பிரையண்ட். அந்தத் தொழிற்சாலையிலே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், சிறுமியர் பலர். தீக்குச்சி முனையிலே தோய்க்கும் வெண்பாஸ்பரஸ், தாடையெலும்பை அரித்துவிடும். கூலி அற்பம், பேசினால் அபராதம், அழுக்கு இருந்தால் அபராதம்.

1888 ஜூனிலே இந்தக் கொடுமையை ஏட்டிலே எழுதி அம்பலப்படுத்தியவர் அன்னி பெசன்ட். ஆம், பிறகு நம் சென்னை அடையாற்றுக்கு வந்தாரே, அதே அம்மையார். அவருடைய பிற்காலக் கொள்கைகளோடு நமக்கு எத்தனையோ வழக்கு உண்டு. 1916இல் அவர் இங்கே நடத்திய 'ஹோம் ரூல்' இயக்கத்துக்குப் பெயரே கிளாட்ஸ்டன் காலத்து அயர்லாந்திலிருந்து வந்ததுதான். அந்த வழக்கு இருக்கட்டும். 1888இல் அவர் பிடித்த பேனா நல்ல பேனா. அந்தச் சிலைக்காக முதலாளி, ஒவ்வொரு தொழிலாளிப் பெண்ணின் கூலியிலிருந்தும் ஒரு ஷில்லிங் பிடித்துக்கொண்டார் என்று எழுதினார். சிலை திறப்பு நாளிலே பெண்கள் சிலர் கல்லும் செங்கல்லும் கொண்டு சென்றார்கள் என்றும், எங்கள் காசு, எங்கள் இரத்தம் என்று கூவித் தங்கள் இரத்தத்தை அங்கே சிந்தினார்கள் என்றும் எழுதினார். ஜூலையிலே ஏறத்தாழ 1,400 பேர் வேலை நிறுத்தம் செய்தார்கள். வென்றார்கள்.

இன்று அந்தச் சிலையின் கைகளிலே சிவப்புச் சாயம். துடைத்தால் மீண்டும் யாரோ பூசுகிறார்கள்.

கிளாட்ஸ்டனா அந்த ஷில்லிங்கைக் கேட்டார்? இல்லை. அவர் பெயரால் ஒருவர் பிடித்தார். கோமகன் படம் வைத்திருந்தார். முதலாளி சிலை வைத்தார். இருவருமே தலைவருக்கு வேண்டியவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். ஒருவர் கொள்கை வந்ததும் ஓடினார். மற்றவர் கூலியைப் பிடித்துக் கும்பிடு போட்டார். தலைவன் சிலைக்கு ரசீது புத்தகத்தோடு உன்னிடம் வருபவரிடம் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இந்தக் காசு விரும்பித் தந்ததா, பிடித்தம் செய்ததா? கேட்டால் கோபிப்பார். கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொரு கிளாட்ஸ்டன் உண்டு. அவருக்கு மில்லே படம் வரையவில்லை. அவர் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன்; தென்னமெரிக்கக் கரையிலே, டெமராரா என்ற பிரிட்டிஷ் குடியேற்றத்திலே, கரும்புத் தோட்டத்து அடிமை. தோட்ட உரிமையாளர் ஜான் கிளாட்ஸ்டன். நம் பிரதமரின் தந்தை. உடைமைக்கு உடையவன் பெயர்! 1823 ஆகஸ்டிலே அங்கே ஆயிரக்கணக்கான அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், முன்னின்றவர் ஜாக். அவருடைய தந்தை குவாமினாவைச் சுட்டுக் கொன்றார்கள்; ஜாக்கை நாடு கடத்தினார்கள். பத்தாண்டு கழித்து, 1833இல், இளைஞர் வில்லியம் கிளாட்ஸ்டன் பார்லிமெண்டிலே எழுந்து, தந்தையின் தோட்டத்து நடைமுறையை ஆதரித்துப் பேசினார். அடிமை முறை ஒழிந்தபோது இழப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைகளுக்கல்ல, உடையவர்களுக்கு! 2,508 மனிதர்களுக்கு ஈடாக ஜான் கிளாட்ஸ்டன் பெற்றது 1,06,769 பவுன். அடிமைகள் போன இடத்துக்கு ஆள் வேண்டுமே. கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார். 1838இல் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரு கப்பல்கள் அவர்களைக் கொண்டு சேர்த்தன. அந்த ஒப்பந்த முறைதான், பின்னர் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழனையும் கப்பலேற்றியது. 1860இல் நேட்டாலுக்குப் புறப்பட்ட கப்பலை மறக்க முடியுமா?

2023 ஆகஸ்டிலே கிளாட்ஸ்டன் வழித்தோன்றல்கள் சிலர் கயானா நாட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டனர். லிவர்பூல் பல்கலைக்கழகம், விடுதிக் கட்டடத்துக்கு இருந்த கிளாட்ஸ்டன் பெயரை நீக்கி, இனவெறியை எதிர்த்து உழைத்த டாரதி குயா என்ற கறுப்பினப் பெண்மணியின் பெயரைச் சூட்டியது. சரிதான் என்பேன். அப்படியானால் மில்லே வரைந்த படத்தையும் கழற்று என்பார் சிலர். அதற்கு நான் உடன்படவில்லை. கோமகன் விற்ற காரணத்துக்காகவே அது அங்கே இருக்கட்டும். ஆனால் அதன் பக்கத்திலே அந்த 1,06,769 பவுன் கணக்கையும் சட்டம் போட்டு மாட்டு. ஜாக் கிளாட்ஸ்டன் பெயரை எழுது. முடிந்தால் ஒரு தீப்பெட்டியும் வை. கைகளைக் கோத்துக்கொண்டு நிற்கும் கிழவர் அவற்றைப் பார்த்தபடி நிற்கட்டும். இருண்ட பின்புலத்திலே இடம் நிறைய இருக்கிறது.

அயர்லாந்து என்ன செய்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 1893இல் கிளாட்ஸ்டன் மீண்டும் தன்னாட்சி மசோதாவைக் கொண்டு வந்து, மக்கள் சபையிலே வென்றார். பிரபுக்கள் சபை 419க்கு 41 என்று அதைப் புதைத்தது. 1898 மே 19இல் இறந்தார். நாடே திரண்டு அடக்கம் செய்தது. நினைவு நிதி திரட்டினார்கள். இலண்டனுக்கு ஒரு சிலை, எடின்பரோவுக்கு ஒரு சிலை, டப்ளினுக்கு ஒரு சிலை என்று திட்டம். தங்களுக்காகக் கட்சியையே இழந்த மனிதனின் சிலை. அயர்லாந்து ஆனந்தக் கண்ணீரோடு வரவேற்கும் என்று எண்ணினார்கள்.

டப்ளின் மாநகராட்சி கூடியது. எங்கள் தலைவன் பார்னெலுக்கு முதலிலே தகுந்த சிலை எழும்பட்டும். அதுவரை இந்நகரிலே எந்த ஆங்கிலேயனுக்கும் சிலை இல்லை என்று தீர்மானம் போட்டது. 1911இல் பார்னெல் சிலை டப்ளின் தெருவிலே எழும்பியது. அயர்லாந்துச் சிற்பி ஜான் ஹியூஸ் செய்த கிளாட்ஸ்டன் சிலை டப்ளினுக்குப் போகவேயில்லை. 1925இல், அவர் மரம் வெட்டிய ஹவார்டனிலே, அவர் தொடங்கிய நூலகத்துக்கு முன்னே அதை நிறுத்தினார்கள். இன்றும் அங்கேதான் நிற்கிறது.